நாலாவது சாவி

எங்கள் தொழிலில் வாசலைத் தொடக்கூடாது, உள்ளே இருப்பதை மட்டும்தான் மாற்ற வேண்டும். எழுதியதை அழிக்க முடியாத கணினிப் பதிவேடான பிளாக்செயின் வலையமைப்பு தொடங்கும்போதே அதற்குள் பதித்துவைத்த வாசல் மாதிரி நிற்கும் ப்ராக்ஸி என்ற கணினி ஒப்பந்தங்களுக்குப் புது நிரல் ஏற்றுவது என் வேலை. முகவரி அப்படியே இருக்கும், அதன் பின்னால் ஓடும் நிரல் மாறும். பதுளை டவுனில் ஒரு மாடி அறைதான் அலுவலகம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அடகுக் கடை

அப்புத்தளையில் எங்கள் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின்கீழ் பக்கத்து வீட்டு ராஜம்மாக்காவுக்கு என் வேலையை விளக்கப் பார்த்தேன். சங்கிலி என்றேன், சாவி என்றேன், ஒப்பந்தம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "அடகுக் கடையில இருக்கேன்னு சொல்லிட்டுப் போயேன்டி, அதுல என்ன வெட்கம்?"

வார்டில்

நிரலை மாற்ற நாலு பேரில் மூவர் ஒப்பமிட வேண்டும். ஆளுக்கொரு சாவி, பென் டிரைவ் அளவு. நான், எங்கள் முதலாளி, கொழும்பிலிருக்கும் பாரூக், என் பக்கத்து மேசை ஸ்டீபன் அண்ணன். அண்ணன் லுணுகலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இரத்தப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒப்பந்தத்தில் உடனே அடைக்க வேண்டிய ஓட்டை ஒன்று தெரிந்தது. பாரூக் விமானத்தில். வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். சேலைன் ஏறும் கையோடு திரையிலிருந்த ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்த பிறகுதான் அண்ணன் தன் சாவியின் பொத்தானை அழுத்தினார். பக்கத்துக் கட்டில் பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா வாசிச்சிட்டுப் போடுங்க தம்பி, சொந்தக்காரங்கதான் எழுதி வாங்கிட்டுப் போயிருவாங்க." அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பார்த்த அவருடைய கடைசிச் சிரிப்பு அது.

ஒரு வரி

அண்ணனை லுணுகலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அடுத்த வேலை, அவர் சாவியை நீக்கி வேறொருவரைச் சேர்ப்பது. நீக்குவதற்கு ஒரே ஒரு வரி போதும். காலை முழுக்க அந்தக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிப் பாலாடை கட்டிவிட்டது. பாரூக் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று அவர் கேட்கவில்லை. "நீங்க விடுங்க தங்கச்சி, அந்த வரிய நான் எழுதுறேன்."

அவன் பேரு

அண்ணனின் சாமான்களை எடுத்துப்போக அவர் அம்மா வந்தார். கொழுந்து பறிக்கிறவர், அன்று விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பஸ் ஏறியிருந்தார். ஒரு கோப்பை, ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான் இருந்தது. ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அவன் செஞ்ச வேலை எதையாச்சும் பார்க்க ஏலுமா புள்ள?" என்றார்.

காட்டினேன். ஆஸ்பத்திரியில் அவர் போட்ட ஒப்பம், அதற்கு முந்தியவை, எல்லாம் அழியாமல் அங்கேயே இருந்தன. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் நீண்டு கிடந்த எண்ணும் எழுத்துமான வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசிவரை போய்த் திரும்பவும் தொடக்கத்துக்கு வந்தார். "இதுல என் புள்ள பேரு எங்கம்மா இருக்கு?"

அங்கே பதிவது சாவியின் எண் மட்டும்தான், ஆளின் பேர் இல்லை. எங்களிடம் எதுவுமே அழியாது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம், செய்தவன் பேர் எங்கே என்று ஒரு தாய் வந்து கேட்கும்வரை.