ஆத்தா வரவில்லை என்று சொன்னவள்

போன வருடம் ஆனி மாதம் எனக்குத் தாடை வலிக்க ஆரம்பித்தது. பல் வலி என்று நினைத்தேன். பிறகு முதுகு வலித்தது. பட்டாபிராம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறுவதற்குள் மூச்சு முட்டியது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. செத்துவிடுவேனோ என்ற பயம் தினமும் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவருக்கு வருஷா வருஷம் செக்கப் உண்டு. அவருடைய பிரஷர், கொழுப்பு எல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்கும் ஒரு ஈசிஜி எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. மாரடைப்பு ஆம்பளைகளுக்கு வருவது என்று நானும்தான் நம்பினேன்.

தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் என்னைக் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டார். தீட்டு நிற்கிற வயசு, வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதினார். என் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. வீட்டில் அன்றிலிருந்து நான் முனகினாலே மாத்திரை போட்டாயா என்று கேட்பதோடு சரி.

ஆடி மூன்றாவது ஞாயிறு, எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பம்பைச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தது போல ஆனது. வியர்வை கொட்டியது. பல் கிட்டிக்கொண்டது, கை நடுங்கியது, கால் மடங்கி விழுந்தேன்.

ஆத்தா வந்துவிட்டாள் என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். பெண்கள் என் காலில் விழுந்தார்கள். என் வீட்டுக்காரரும் கும்பிட்டார். முப்பது வருஷத்தில் என் முன்னால் அவர் கை கூப்பியது அன்றுதான்.

"தாயே, பையனுக்கு எப்ப கல்யாணம் கூடி வரும்?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். மனசுக்குள் கதறினேன். தாயே, இது நீ இல்லை, உனக்குத் தெரியும், இவர்களுக்குச் சொல்லு என்று.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பவுனம்மா வந்தாள். நகராட்சியில் தெருப் பெருக்குகிறவள். வருஷா வருஷம் அவள் மேல்தான் அம்மன் இறங்கும். மற்ற நாளில் அவளை யாரும் மதிக்க மாட்டார்கள், ஆடியில் மட்டும் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. என் மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது ஆத்தா இல்ல. அவ வந்தா ஒடம்பு கொதிக்கும். இவளுக்கு ஐஸ் மாதிரி சில்லுனு கீது. ஆட்டோவ இட்டுகினு வாங்க."

கூழ் ஊற்றி முடியட்டுமே என்றார் என் வீட்டுக்காரர்.

"அதுக்குள்ள போய்ச் சேந்துடுவா" என்றாள் பவுனம்மா.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். அடைப்பை நீக்கினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதானாம். உள்ளே கொண்டுபோன உடனே, எத்தனை நாளாக வலி என்று அங்கிருந்த டாக்டரம்மா கேட்டபோது, கேஸ் டிரபிள்தான் மேடம் என்று இவர் பதில் சொன்னார். அந்த அம்மா அவரை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்து மறுபடி கேட்டார். நான் அழுதுவிட்டேன். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல், தாடையிலும் முதுகிலும் மூச்சிலும்கூட இது காட்டும் என்று அந்த டாக்டரம்மாதான் சொன்னார்.

என்னைக் காப்பாற்றியது என் தாய்தான். பவுனம்மா வாயால் அவளே பேசினாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் கசப்பு இன்னும் போகவில்லை. ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை என்பதை இந்த ஊர் நம்புவதற்கு சாமியே வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஆடியில் கூழுக்கு வரிசையில் நின்ற பெண்களிடம் இதையெல்லாம் சொன்னேன். நாலு பேர் முன்னால் இது எதற்கு என்றார் இவர். நான் நிறுத்தவில்லை. அன்று கேட்டவர்களில் மூன்று பேரை நானே ஈசிஜி எடுக்கக் கூட்டிப்போனேன். இரண்டு பேர் வீட்டில் சொல்லாமல் வந்தார்கள்.

தாய்மார்களே, ஆத்தாவை நம்புங்கள், அவளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஆனால் மூச்சு முட்டினால், காரணமில்லாமல் வியர்த்தால், யாரிடமும் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஆட்டோவில் ஏறுங்கள். அவள் கூடவே வருவாள்.