ஒரு சொட்டு நீராகாரம்

தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில், ஆம்பூர்ப் பக்கம், லேப் வேலை எனக்கு. பெரிய தொட்டியில் காற்றை ஊதி, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி பாக்டீரியாக்களை உயிரோடு வைத்திருக்கிறோம். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அவைதான். இத்தனை வருடம் அவற்றைப் பார்த்த எனக்கு, என் வயிற்றுக்குள்ளும் அப்படி ஒரு கூட்டம் இருப்பது தோன்றவே இல்லை.

டைபாய்டு வந்து, ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் காய்ச்சல் போனது. வயிற்றுப்போக்கு மட்டும் நிற்கவில்லை. எது சாப்பிட்டாலும் ஓட வேண்டியிருந்தது. பஸ் ஏறவே பயம். வேலூர் பக்கம் பாகாயத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "கிருமி எதுவும் இல்லம்மா, மெதுவா சரியாய்டும்" என்றார்கள். இரண்டு மாதமாகியும் சரியாகவில்லை. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துவிட்டது.

திருப்பத்தூரில் ஓர் இயற்கை மருத்துவரைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னப் பெண். என் வேலையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க தொட்டியில பாக்டீரியா செத்துப்போனா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு தடவ உப்பு ஜாஸ்தியா வந்து செத்துடுச்சி மேடம். சாணி கரைச்சி ஊத்துனோம், வெல்லம் போட்டோம். கழிவுத் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டோம்."

"எவ்ளோ நாள் ஆச்சி?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"மருந்து உங்க வயித்துல கெட்டதோட நல்லதையும் கொன்னுடுச்சி. நாமளும் நீங்க தொட்டிக்குப் பண்ணதையேதான் பண்ணப் போறோம்." சிரித்தார். "சாணி மட்டும் வேணாம்."

முதலில் நீர்மோரும் குழைந்த கஞ்சியும். பிறகு காலையில் நீராகாரம், அப்புறம் அதோடு பழைய சோறு, சின்ன வெங்காயம். வாழைப்பழம், வேகவைத்த காய். "காய்ச்சல் வந்தா, ரத்தம் போனா, என்கிட்ட வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றும் சொன்னார்.

பத்தாம் நாள் தேறியது போலிருந்தது. கல்யாண வீட்டில் பிரியாணி வாசனை தாங்கவில்லை. ஒரு தட்டு சாப்பிட்டேன். மூன்று நாள் படுக்கை. "இன்னா அவசரம் உனக்கு?" என்று கோபித்த என் வீட்டுக்காரர், மறுநாளிலிருந்து தானே இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

ஆறாவது வாரம், ஒருநாள் முழுக்க வயிற்றைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது மாலையில்தான் உறைத்தது.

மறுநாள் நீராகாரத்தைச் சின்ன பாட்டிலில் லேபுக்கு எடுத்துப்போய், ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முட்டை வடிவ ஈஸ்டுகள், சிலவற்றில் சின்னஞ்சிறு மொட்டு. சுற்றிலும் தூசி போல, குச்சி போல, எண்ண முடியாத உயிர்கள் துடித்துக்கொண்டிருந்தன. யாரும் கூப்பிடாமல், ஒரே ராத்திரியில், எங்கள் வீட்டுக் குண்டானில் வந்து குடியேறியவை. இவற்றில் எது எனக்குள் தங்கியது, எது வழிப்போக்கனாய்ப் போனது, தெரியாது. கும்பிடத் தோன்றியது.

உடன் வேலை செய்யும் கெமிஸ்ட் எட்டிப் பார்த்தார். "எந்தத் தொட்டி சாம்பிள் இது?"

"எங்க வீட்டுப் பழைய சோத்துத் தண்ணி சார்."

நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை அவர். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர் சாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார்.