ஜெர்மனிக்குப் போன ஏல வாசம்

மகள் டீக்கு ஏலக்காய் தட்டினால் போதும், சாந்தன்பாறைப் பக்கத்துக் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் பள்ளிக்குப் பண உதவி செய்த ஜெர்மனிப் பள்ளியிலிருந்து கடிதங்கள் வரும். சிஸ்டர் அவற்றைத் தமிழில் வாசித்துவிட்டு, நன்றிக் கடிதத்தைப் பலகையில் எழுதிப்போடுவார். எல்லோரும் அதையே பார்த்து எழுதுவோம். ஒருமுறை மோனிகா என்ற சிறுமி என்னிடம் கேட்டிருந்தாள்: "உங்கள் வீட்டில் ஏலக்காயை எதிலெல்லாம் போடுவீர்கள்?" பாயசம், கேசரி, டீ என்று அள்ளிவிட்டேன்.

நான் வாசிக்கக் கேட்டு, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் அம்மா சிரித்தாள்.

"பொய் எழுதாத புள்ள. ஒரு காய் வெளிய வருமா? தோட்டத்துக் கேட்டுல காவக்காரன் மடிய உதறிப் பாக்குறான்." பிறகு தாளில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தாள். "இந்த வாசத்த எவன் புடுங்குவான்? இத அனுப்பு."

அந்தத் தாளிலேயே அம்மா சொன்னதையும் எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் முகர்ந்து பார்த்தார். ஒரு வரியும் வெட்டாமல், பின்பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்.

மோனிகாவின் பதில் ஒரே வரி: "பறிப்பது உன் அம்மா என்றால், காய் ஏன் அவளுடையது இல்லை?"

பலகைப் பக்கம் திரும்பிய சிஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு நீயே எழுதும்மா."

மகள் தாராளமாக நாலு காய் தட்டிப் போடுகிறாள். மோனிகாவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.