கருட சேவைக் கூட்டத்தில் எங்கள் சரவணன்

என் அக்காள் மகன் சரவணனுக்கு நாலு வயசு முடிந்தும் அவன் யாரையும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. பேர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். தொட்டால் உதறுவான். வெடிச் சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். அவன் நெற்றிக் காயம் ஆறியதே இல்லை.

காதில் குறை என்று சொல்ல முடியாது. அவன் அப்பா, என் மாமா, தறியில் உட்கார்ந்தால், அந்த ஓசைக்கு எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் குந்திக்கொள்வான். தறி நின்றால் எழுந்து ஓடுவான்.

முருகனை நம்பி வாழும் உங்களிடம் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். சென்னையில் நர்ஸ் படிப்பு முடித்து, காஞ்சிபுரத்துக்கே வேலைக்கு வந்தேன். வெள்ளைப் புடவையில் தெருவில் நடந்தால் அப்பா தறியை விட்டு எழுந்து பார்ப்பார். அந்தப் பெருமை எனக்கும் நிறைய உண்டு. இந்தப் பிள்ளையை நானே சரிசெய்துவிடுவேன் என்று நம்பித்தான் அக்காளையும் அவனையும் சென்னையில் ஒரு குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு ஆட்டிசம்னு பேரு. மருந்து கிடையாது" என்றார். தாய் பாசம் காட்டாமல் வளர்த்தால் பிள்ளை இப்படி ஆகும் என்று அப்போது புத்தகங்களில் எழுதியிருந்தார்கள். அதையும் அக்காள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ் வாலாஜாபாத் தாண்டியதும் அக்காள் கேட்டாள்: "நான் இவனுக்கு இன்னாடி கொறை வெச்சேன்?"

அன்று முதல் அவள் சரியாகச் சாப்பிடுவதை விட்டாள்.

சரவணன் குளத்துப் பக்கம் ஓட ஆரம்பித்தான். மாமா அவன் காலில் கயிறு கட்டித் தறிக்காலோடு பிணைத்தார். நான் அவிழ்க்கப் போனால், "நீ டூட்டிக்குப் பூடுவ நர்சம்மா. கொளத்துல வுழுந்தா யாரு எடுக்கறது?" என்பார். அவருக்குப் பயம். எனக்கு அது புரிந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் வைகாசி, பெருமாள் கருட வாகனத்தில் வீதிவரும் கருட சேவை. அன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. ஐயம்பேட்டையிலிருந்தெல்லாம் சனம் வந்து குவிந்திருந்தது. காலையில் அவனைக் குளிப்பாட்ட அக்காள் கயிற்றை அவிழ்த்தாள். அந்த நேரம் பார்த்து சாமி வருவதற்கு அறிகுறியாக அதிர்வேட்டு போட்டார்கள். சோப்பு நுரையோடு இருந்த கை அவள் பிடியிலிருந்து வழுக்கியது. ஈர உடம்போடு தெருவில் பாய்ந்தவனைக் கூட்டம் மூடிக்கொண்டது.

தெருவே தேடியது. "சரவணா! டேய், சரவணா!" என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். ஒரு பெண், "பெத்தவளுக்கே புள்ள மேல கண்ணு இல்லன்னா, சாமி இன்னா பண்ணும்பா?" என்றாள். அக்காள் அதைக் கேட்டாள். குளத்துப் படியில் போய் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள். மாமா குளத்தில் இறங்கி முழுகி முழுகித் தேடினார். ஒவ்வொரு முறை அவர் தலை வெளியே வரும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது.

குமரக்கோட்டத்து முருகன் கோயில் வாசலுக்கு ஓடினேன். வெளியிலேயே நின்று சொன்னேன்: "முருகா, கூப்பிட்டால் வராத பிள்ளை. என் படிப்பு இதற்குப் போதவில்லை. அவன் காதுக்கு எது கேட்கிறதோ, அதை எனக்கும் கேட்கச் செய்."

வேறு எதுவும் வேண்டத் தோன்றவில்லை. அழுதுகொண்டே பின்தெரு வழியாகத் திரும்பினேன். சாமி தூரம் போய்விட்டது. மேளம் அடங்கியிருந்தது. அந்தத் தெருவில் ஒரு ஆள் இல்லை.

தறி ஓசை கேட்டது.

பிரமை என்றே நினைத்தேன். கருட சேவையன்று தறியில் உட்காருவது யார்? பிறகுதான் நினைவு வந்தது. அந்தத் தெருவின் கடைசி வீட்டு அர்ச்சுனன் அண்ணன் மாசியில் சம்சாரத்தைப் பறிகொடுத்தவர். துக்க வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை இல்லை. சாமி பார்க்கவும் வர மாட்டார்கள்.

ஓடினேன். கதவு திறந்திருந்தது. தறிக்குழி ஓரம் சரவணன் குந்தியிருந்தான். காதிலிருந்து கையை எடுத்திருந்தான்.

அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "சத்தம் போடாதமா. நிறுத்தனா எழுந்து ஓடப் பாக்கறான். ஆள் அனுப்பலாம்னா வூட்ல யாரும் இல்ல. அதான் ஓட்டிக்கினே கீறேன். கையே வுட்டுப்போச்சு. போய் அக்காவ இட்டாந்துடு."

அக்காள் வந்தாள். பாய்ந்து தூக்கப் போனவளைத் தடுத்தேன். "தொடாதக்கா. சும்மா பக்கத்துல குந்து." உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவனாகவே நகர்ந்து, அவள் மடிமேல் காலை நீட்டினான். பெற்ற நாளிலிருந்து அப்படி அவன் செய்ததில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

மாமா ஈர வேட்டியோடு வந்து நின்றார். "நீ எழுந்துரு அண்ணே, நான் ஓட்டறேன்" என்றார்.

"தண்ணி சொட்டுது பார், பட்டாண்ட குந்தப் போறியா? வேட்டிய மாத்திக்கினு வாய்யா!" என்றார் அர்ச்சுனன் அண்ணன். அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

சரவணன் இன்றும் பேசவில்லை. இதில் நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மாலையே மாமா கயிற்றை அடுப்பில் போட்டார். தினமும் ஒரே நேரத்தில் ஒரே தட்டில் சோறு வைக்கிறோம். அவன் பார்க்கும்படி கையை நீட்டிய பிறகே தொடுகிறோம். திருவிழா நாளில் எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. சாமிக் குத்தம் என்று பேசியவர்களிடம் மாமா சொன்னார்: "எங்க சாமி தறியாண்ட குந்திக்கினு இருக்குது. அத்த வுட்டுட்டு எங்கப்பா போவேன்?"

லீவு நாளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போகிறேன். முதலில் தாயைத்தான் பார்ப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். உன்மேல் குற்றமில்லை என்று சொல்வேன். அதற்கே பலர் அழுதுவிடுகிறார்கள். பிறகுதான் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று சேர்ந்து பார்ப்போம். முருகன் எனக்குக் கொடுத்த வேலை இது.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை இருந்தால், மறைத்து வைக்காதீர்கள், கட்டிப் போடாதீர்கள். முருகனிடம் மனம்விட்டுக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள், அக்காளே உங்களோடு உட்கார்ந்து பேசுவாள். கதவை மட்டும் தட்ட வேண்டாம். மெல்லத் தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள்.