அவரை எழுப்பிவிடாதே

நானும் என் கணவரும் ஒரே நூல் மில்லில், ஒரே இரவு ஷிப்டில் வேலை பார்த்தோம். சேவூர் சாலையில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். காலையில் மில் பஸ் இருவரையும் ஒன்றாகத்தான் இறக்கிவிடும். வந்ததும் அவர் குளித்துச் சாப்பிட்டுப் பாயில் விழுவார். நான் பாத்திரம் கழுவி, துணி துவைத்து, ஜன்னலோரம் கிடக்கும் என் பாய்க்கு வர வெயில் ஏறிவிடும். அதைக்கூட நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படுத்த பிறகு தூங்க விட்டால் போதும் என்றிருந்தேன்.

விடவில்லை. கண் செருகும் நேரத்தில் ஜன்னல் கம்பியில் வளையல் தட்டும். வீட்டுக்கார அம்மா நிற்பார்.

"கண்ணு, உப்புத் தண்ணி வருது, புடிச்சு வையி." குரலை அத்தனை தாழ்த்திச் சொல்வார். "மெதுவா எந்திரிச்சு வா. அவரு முழிச்சிக்கப் போறாரு. பாவம், ராத்திரியெல்லாம் வேலை செஞ்ச உடம்பு."

என் உடம்பு ராத்திரி எங்கே இருந்ததாம்? அவர் மெஷின் பழுது பார்க்கிறவர். மெஷின் ஒழுங்காக ஓடினால் சற்று உட்காரலாம். நானோ அறுந்த நூலைத் தேடித் தேடி ஒட்டிக்கொண்டு விடிய விடிய நடப்பவள். தண்ணீர் பிடித்துவிட்டு வந்து படுத்தால் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வருவார். அப்புறம், குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண். எல்லோருமே ஜன்னலில் ரகசியமாகத்தான் கூப்பிடுவார்கள், அவர் தூங்குகிறாரே!

ஒருநாள், "தூங்கறனுங்கம்மா" என்றேன்.

"பட்டப்பகல்ல பொம்பள படுத்திருந்தா ஊடு வெளங்குமா கண்ணு?"

என் பக்கத்தில் ஒரு ஆம்பளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதனால் வீட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை போலும்.

ஷிப்ட் முடிய இருந்த நேரத்தில் ஒருநாள் நடந்தபடியே தூங்கி, இரும்பு வண்டியில் மோதி விழுந்தேன். புருவத்தில் தையல் போட்ட டாக்டரம்மா, பகலில் எப்படித் தூங்குகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"தூக்கம் ஒரே மாதிரி இருக்காதுங்க" என்றார். "முதல்ல மேலோட்டமா வரும். அப்புறம் ஆழமா இறங்கும், அதுலதான் உடம்பு தன்னைத் தேத்திக்கும். அதுக்கப்புறம் கனவு வர்ற தூக்கம். இப்படிச் சுத்திச் சுத்தி வரணும். பாதியில எழுப்பினா மறுபடி முதல்ல இருந்துதான். கடைசியா எப்ப கனவு கண்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். நினைவில் ஒன்றுமே இல்லை. காயம் வலித்ததைவிட அதுதான் வலித்தது. என் கனவைக்கூடக் குடத்துத் தண்ணீருக்காகப் பிடுங்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "தினமும் தட்டறாங்களா? எனக்கு ஒண்ணுமே கேக்கிலியே புள்ள" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் காதில் விழாதபடி ஊரே பார்த்துக்கொண்டதல்லவா!

அன்று அவரை ஜன்னலோரம் படுக்க வைத்து, நான் சுவரோரம் படுத்தேன். வளையல் தட்டியது. அவர் தலையைத் தூக்கினார்.

"ஐயோ சாமி, நீங்களா? தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க, தூங்குங்க!" வீட்டுக்கார அம்மா பதறிப்போனார். அதோடு தட்டுவது நின்றது. தண்ணீரையும் வரிசைக்கே மாலையில் திறந்துவிட ஆரம்பித்தார். இத்தனை நாள் முடியாதது ஒரே நாளில் முடிந்தது.

நான் தூங்கினேன். கனவும் வந்தது. நான் பிறந்த தாராபுரத்து ஆற்றில் கால் நனைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். விழித்தபோது அழுகை வந்தது. மகிழ்ச்சியால் அல்ல. எனக்குக் கிடைத்தது அவருடைய தூக்கத்தின் ஓரத்தில் ஒரு இடம்தான்.

சில மாதம் கழித்து அவருக்குப் பகல் ஷிப்ட் போட்டார்கள். நான் தனியாகப் படுத்த முதல் நாளே ஜன்னல் தட்டியது. எழுந்து போய், தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "நான் தூங்கிட்டு இருக்கறனுங்க. சாயங்காலம் வாங்க." ஜன்னலைச் சாத்தினேன்.

திமிர் பிடித்தவள் என்று வரிசை முழுக்கப் பேச்சானது. கொஞ்ச நாளில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். மில் பஸ் போகும் வழியிலேயே, ராயபுரத்தில் வேறு வீடு பார்த்துப் போனோம். அங்கேயும் தட்டினார்கள். அங்கேயும் அதையேதான் சொன்னேன்.