சேரப்பணஞ்சேரிக்குப் போன சாக்ரடீஸ்

ஞாயித்துக்கெழம காலைல ஆறே முக்கா. ஃபேக்டரில நைட் ஷிப்ட் முடிச்சு, குளிக்காமகூட ஸ்ரீபெரும்புதூர்ல ஷேர் ஆட்டோ ஏறிட்டேன். கையில சுருட்டுன ஃப்ளெக்ஸ் பேனரு. நானூறு ரூபா. எங்க லைன்ல வேல செய்ற குமரன் புள்ளைக்கு சேரப்பணஞ்சேரி கோயில்ல ஞானஸ்நானம். சாக்ரடீஸ்னு பேர் வெக்கப் போறான்.

"பேனர்ல யாருண்ணா?"ன்னாரு டிரைவரு.

"சாக்ரடீஸுபா. கிரேக்க நாட்டுக்காரரு."

"எந்தக் கட்சி?"

அது எனக்கும் தெரியல.

ஏழேகால். ஒரகடம் பாலத்தாண்ட வண்டி மாறும்போது குமரன் ஃபோனு. "டேய், புனிதர் பேரு வெக்கலன்னா புள்ளய கோயிலுக்கே தூக்கினு வரமாட்டேன்றாங்கடா என் மாமியாரு. பொண்டாட்டி ஸ்டெல்லா அழுவுறா. பேனர கட்டித் தொலைக்காத!"

நானூறு ரூபாயாச்சே! எட்டு மணிக்கு எறங்குனதும், பேர் எழுதுன பாதிய உள்ள மடிச்சு, படத்த மட்டும் கோயில் கேட்ல கட்டிட்டு டீ குடிக்கப் போனேன். என் மூளைக்கு அவ்ளோதான் ரேஞ்சு.

திரும்பி வந்தா, தாடியும் வெள்ளத் துணியுமா நின்ன சாக்ரடீஸ் காலாண்ட ஏழெட்டு மெழுகுவர்த்தி! முட்டி போட்டுகினு, ஃபாதராண்ட நாயம் கேக்க வந்த குமரனோட மாமியாரு. எழுந்து செலுவ போட்டுகினு கேட்டாங்க:

"எந்தப் புனிதரு தம்பி இவரு? முகத்துல இன்னா சாந்தம்! இவரு பேரயே வெச்சுடலாம்."

பின்னால குமரன் 'ஆமான்னு சொல்லுடா'ன்னு கண்ணாலயே கெஞ்சுறான். எனக்குப் பொய் சரளமா வரும். மெழுகுவர்த்தி முன்னாடி வரல.

"புனிதரு இல்லம்மா. இயேசு சாமிக்கும் முன்னாடி ஆளு. போற வர்றவங்கள நிறுத்தி கேள்வி கேட்டுகினே இருந்தாரு. புடிச்சு ஜெயில்ல போட்டு வெஷம் குடுத்துட்டாங்க."

"ஓடிப் போவலாம்ல?"

"சிநேகிதங்க ஏற்பாடு பண்ணாங்க. மாட்டேன்னுட்டாரு."

மாமியாரு படத்த நிமிந்து பாத்தாங்க. "பாவம், நம்புனதுக்கு உசுர குடுத்துருக்காரு. வேதம் தெரியாத வேதசாட்சி"ன்னாங்க. அப்புறம் உள்ள பாத்து கொரல் குடுத்தாங்க: "ஃபாதர், தாமஸ் சாக்ரடீஸ்னு எழுதுங்க. தாமஸ்னா எங்க தோமையாரு. அவரும் இயேசு சாமி காயத்த தொட்டுப் பாக்காம நம்பாதவருதான். ரெண்டும் ஒத்துப்போவும்."

தண்ணி ஊத்துனதும் தாமஸ் சாக்ரடீஸ் போட்ட கத்துல கோயிலே அதிர்ந்துச்சு. குமரனும் அழுதான்.

பதினொன்ற மணிக்கு பிரியாணிய முழுங்கிட்டு திரும்பி வண்டி ஏறுனேன். எட்டு வருஷமா லைன்ல நிக்கிறேன், 'ஏன் சார்?'னு சூப்பர்வைசராண்ட ஒருவாட்டி கேட்டதில்ல. வெஷத்துக்கு இல்லீங்க, ஓவர்டைம் காசு கட்டாயிடுமேன்னு பயம்.