வலையில்லாத கட்டுகள்

தீவனக் கட்டுக்கு வலை வேண்டாம், பிளாஸ்டிக் பிலிமிலேயே சுற்றுங்கள் என்று அடம்பிடித்தது நான்தான். யார் காரணம் கேட்டாலும் போன வருஷம் செத்துப்போன எங்கள் சினைப்பசுவைச் சொல்வேன். மாட்டு டாக்டர் அதன் வயிற்றைத் திறந்தபோது உள்ளே வலை சுருண்டு பந்து மாதிரி கிடந்தது. மக்காச்சோளத் தட்டையை நறுக்கி உருண்டைக் கட்டாக இறுக்க முதலில் அந்த வலையைத்தான் சுற்றுவார்கள். அதற்கு மேலேதான் காற்றுப் புகாமல் பிலிம். கட்டைப் பிரிக்கும்போது வலையை முழுசாக உருவி எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. பால் வண்டி வந்துவிடும் என்ற அவசரத்தில் அரிவாளால் குறுக்கே அறுத்து, கைக்கு வந்ததை இழுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தீனியோடு தள்ளிவிடுவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

அந்தப் பசு முன்பு ஈன்ற கிடேரி ஒன்றுதான் மிச்சம். அதுவும் இப்போது தலைச்சினை. மாசி பிறந்துவிட்டால் ஜவ்வாது மலையில் எங்கள் பக்கம் பச்சை என்று ஒன்றும் இருக்காது. அரை ஏக்கர் மக்காச்சோளத்தைக் கட்டி வைத்தால்தான் அது கன்று போடும்வரை தாங்கும். கெட்டுப்போனால் கிடேரியை வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கார்த்திகைக் கடைசியில் போளூரிலிருந்து டிராக்டரில் மெஷினை இழுத்துக்கொண்டு வந்த ஆபரேட்டர், நான் சொன்னதைக் கேட்டதும் சீட்டில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"வலை இல்லாம கட்டு நிக்காதும்மா. வெளிய வந்ததும் புட்டுக்கும்."

"பிலிம் ஒரே துண்டா உரிஞ்சி வந்துடும், தீனியில கலக்காது. உங்க மெஷின்ல அத்த மாட்ட முடியுமா, முடியாதா? அத்த மட்டும் சொல்லுங்கண்ணா."

"மாட்டலாம். கிழிஞ்சா என்னக் கேக்கக் கூடாது."

கிழிந்தது. பிலிம் கட்டைச் சுற்றாமல் மெஷின் உருளையில் ஒட்டிக்கொண்டு பாதியில் அறுந்தது. மெஷின் கதவைத் திறந்ததும் நறுக்கின தட்டை மொத்தமும் தரையில் கொட்டியது. இரண்டாவது கட்டும் அப்படியே. படவேட்டுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அன்றைக்கே கட்டி மூடாவிட்டால் அத்தனையும் குப்பை.

ஆபரேட்டர் வலை ரோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "வீம்பு பண்ணாதீங்கம்மா. மழ புடிச்சிக்கினா மொத்தமும் பூடும்."

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா மே, வலையே போட்ரலாமா? இந்த தபா நான் ஒழுங்கா உருவிட்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. கோபம் அவர் மேல் இல்லை, ஆனால் கத்தியது அவரிடம்தான். "வலை இந்த நெலத்துல எறங்கக் கூடாது. அவ்ளோதான்."

சொல்லிவிட்டு நேரே மெஷினிடம் போனேன். உருளையைத் தொட்டுப் பார்த்தேன். சோளச் சாறு பட்டுப் பிசுபிசுவென்றிருந்தது. பிலிம் ஒட்டாமல் என்ன செய்யும்? மெஷினை நிறுத்தச் சொல்லிப் பழைய புடவைத் துணியால் அழுந்தத் துடைத்தேன். அதைப் பார்த்து ஆபரேட்டருக்கும் ரோஷம் வந்துவிட்டது. பிலிம் ரோலின் பிரேக்கைத் தளர்த்தி, இரண்டு சுற்று கூடவே விட்டார். கதவு திறந்தது, கட்டு உருண்டு வெளியே வந்தது. இதோ புட்டுக்கொள்ளப் போகிறது என்று மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்கு நின்றது. ஒரு துணுக்கும் உதிரவில்லை. அதன் பிறகு கட்டுக்கு ஒரு தடவை உருளையைத் துடைத்தேன். கடைசிக் கட்டைச் சுற்றி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

"கெலிச்சிட்டீங்கம்மா," என்றார் ஆபரேட்டர்.

மூன்றாம் நாள் காலை சாணி அள்ளிப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனால், வீட்டுக்காரர் இரும்புக் கம்பியோடு கட்டுகளுக்கு நடுவே நிற்கிறார். சாமைத் தாளைப் போர் போட்டால் மூன்றாம் நாள் சூடு பார்ப்பது எங்கள் மலையில் வழக்கம். கம்பியைக் குத்தி, ஒரு பீடி பிடிக்கிற நேரம் விட்டு, உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சுட்டால் போரைப் பிரித்து ஆற வைப்பார்கள். அதையே அவர் பிலிம் கட்டிலும் செய்துகொண்டிருந்தார். ஒன்பது கட்டில் குத்தியாகிவிட்டது. துளி காற்று உள்ளே போனாலும் பூஞ்சை பிடிக்கும் என்று ஆபரேட்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதை இவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். "யோவ், இன்னாய்யா பண்ற? கிடேரியையும் கொல்லப் பாக்கிறியா?"

அவர் திருப்பிக் கத்தவில்லை. "கொல்லக் கூடாதுன்னுதான் மே பாக்கறேன். சாயங்காலத் தீனி நான்தான போட்டேன்? வலைய சரியாப் பாக்காம வுட்டுட்டேன், பசு பூட்ச்சி. இப்ப எந்தக் கட்டையும் சூடு பாக்காம வுட மனசு வரல."

ஒரு வருஷமாக இந்த மனுஷன் இதைச் சுமந்துகொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"நீ இல்ல," என்றேன். "காலைத் தீனி நான் போட்டது. பால் வண்டி அவசரத்துல வலைய அறுத்து அப்படியே தள்ளிடுவேன். தெனமும் அப்படித்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கட்டில் விழுந்த ஓட்டையை விரலால் தடவினார். "டேப்பு எங்க கீது?" என்றார். அவர் ஓட்டைகளைச் சுற்றி ஈரத்தைத் துடைக்க, நான் டேப்பை வெட்டிக் கொடுக்க, ஒன்பதையும் அடைத்தோம்.

தை மாசத்தில் பிரித்தபோது ஓட்டை விழுந்த இடங்களில் உள்ளங்கை அகலம் பூஞ்சை. வழித்து எறிந்துவிட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் புளித்த வாசனையோடு நன்றாகவே இருந்தது. கிடேரி ஆசையாகத் தின்றது. சித்திரையில் சுகமாகக் கன்று போட்டது.

கன்று போட்ட பிறகும், காலையோ சாயங்காலமோ, கட்டை அவர்தான் பிரித்தார். பால் வண்டி ஹாரன் அடித்தாலும் அசையமாட்டார். பிலிமை முழுசாக உரித்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் தீனியில் கை வைப்பார். ஒருநாள் அவருக்கு நல்ல காய்ச்சல். மாடு கத்துகிறதே என்று நான் கத்தியை எடுத்துக்கொண்டு கட்டு இருக்கும் பக்கம் போனேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தவர், கத்திக்குக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.